கிறிஸ்து என்பது இயேசுவின் குடும்பப் பெயரா?

இயேசு என்பது பெயர், கிறிஸ்து என்பது அப்பா பெயரோ வீட்டுப் பெயரோ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்களிலும்கூட. இல்லை. ஊர்க்காரர்கள் அவரை 'நாசரேத்தூர் இயேசு' என்றோ 'யோசேப்பின் குமாரன்' என்றோதான் அடையாளம் சொன்னார்கள். கிறிஸ்து என்பது பட்டம். மத்தேயு 16-ல் பேதுரு 'நீர் கிறிஸ்து' என்று சொன்னதும், இதை ஒருவரிடமும் சொல்லாதீர்கள் என்று இயேசு சீடர்களுக்குக் கட்டளையிடுகிறார். வெறும் குடும்பப் பெயராக இருந்தால் அதில் மறைக்க என்ன இருக்கிறது?

கிரேக்கத்தில் 'கிரியோ' என்றால் எண்ணெய் பூசுவது, தடவுவது. அதிலிருந்து வந்ததுதான் 'கிறிஸ்தோஸ்', அதாவது பூசப்பட்டவர். யூத வழக்கம் தெரியாத ஒரு கிரேக்கர் காதில் இது 'தைலம் தேய்த்த ஆள்' என்றுதான் விழுந்திருக்கும், பெருமையாக ஒன்றும் தோன்றியிருக்காது. பெருமை எல்லாம் எபிரெயத்தின் 'மாஷியாக்' என்ற சொல்லில் இருக்கிறது. நாம் மேசியா என்கிறோமே, அதுதான். இரண்டும் ஒன்றே என்று யோவான் 1:41 அங்கேயே பொருளும் சொல்லிவிடுகிறது.

அந்தத் தைலம் சும்மா எண்ணெய் இல்லை. யாத்திராகமம் 30-ல் செய்முறையே இருக்கிறது: வெள்ளைப்போளம் 500 சேக்கல் (அந்தக் கால எடை அளவு), கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, எல்லாவற்றையும் சேர்க்க ஒலிவ எண்ணெய். இதே முறையில் சொந்த உபயோகத்துக்கு யாரும் செய்யக்கூடாது என்று தடையும் உண்டு. ஆசாரியர்களுக்கு இது பூசப்பட்டது. பிற்காலத்தில் அரசர்களுக்கும் தைலம் ஊற்றினார்கள். தீர்க்கதரிசி சாமுவேல் சவுலுக்குக் குப்பியிலிருந்தும் தாவீதுக்குக் கொம்பிலிருந்தும் ஊற்றினார்.

ஆக, பழைய ஏற்பாட்டில் 'கிறிஸ்து' ஒருவர் இல்லை, பலர். தன்னைக் கொல்லத் துரத்திவந்த சவுல் எங்கேதி குகையில் கைக்கெட்டும் தூரத்தில் அகப்பட்டும், தாவீது சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டு விட்டுவிடுகிறான், 'கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்' என்பதால். கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் இருப்பது 'கிறிஸ்தோஸ்' என்ற இதே சொல்தான். ஏசாயா 45:1 இன்னும் ஒரு படி மேலே போய், யூதரே அல்லாத பாரசீக அரசன் கோரேசை அப்படி அழைக்கிறது.

அப்படியானால் இயேசுவுக்கு யார் தைலம் ஊற்றியது? எந்த ஆசாரியரும் தீர்க்கதரிசியும் இல்லை. தேவன் அவரைப் பரிசுத்த ஆவியினால் அபிஷேகம்பண்ணினார் என்கிறது அப்போஸ்தலர் 10:38. நிஜமான தைலம் தலையில் விழுந்தது பெத்தானியா என்ற ஊரில், ஒரு பெண்ணின் கையால். அதையும் அவர் தன் உடல் அடக்கத்துக்கான ஆயத்தம் என்றுதான் சொன்னார்.

சரி, தமிழில்? 'அபிஷேகம்' என்றதும் நமக்குக் கோயிலும் பாலும் பஞ்சாமிர்தமும்தான் நினைவுக்கு வருகின்றன, ஆனால் பைபிள் பொருளுக்குப் பக்கத்தில் நிற்பது பட்டாபிஷேகம். நல்ல தமிழில் 'திருமுழுக்கு' என்று சொல்லலாமே என்றால், சைவத்தில் அபிஷேகத்துக்கு இருந்த அந்தச் சொல்லைக் கத்தோலிக்கர்கள் ஞானஸ்நானத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'திருப்பொழிவு', 'அருள்பொழிவு' என்ற சொற்களைப் பயன்படுத்துகிறது. என் ஓட்டு அருள்பொழிவுக்குத்தான், லூக்கா 4:18-ல் ஆவியைப் பற்றிய பேச்சு வரும் இடத்தில் அது அவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது. எனவே கிறிஸ்து என்றால் 'அருள்பொழிவு பெற்றவர்'. அதற்காகப் பெயரையே மாற்றிக் கூப்பிட வேண்டியதில்லை. பொருள் கேட்டால் சொல்லத் தெரிந்தால் போதும்.

அப்புறம், 'அந்திக்கிறிஸ்து' பற்றியும் கேட்பார்கள். இந்த அந்தி சாயங்காலம் இல்லை, 'எதிர்' என்ற பொருள் தரும் கிரேக்க முன்னொட்டு. திருவிவிலியத்தில் 'எதிர்க் கிறிஸ்து' என்றே இருக்கிறது. ஆனால் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது, யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் மட்டும்தான் வருகிறது.