திரையைப் பூட்டிய பிறகு நீங்களே உள்ளே நுழைந்து பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை, கடைவீதிப் பக்கத்துச் சின்ன அலுவலகங்களுக்குக் கணினி பராமரிப்பது என் தொழில். ஆடிட்டர், பத்திர எழுத்தர், கொலுசுப் பட்டறைக் கணக்கர் என்று பலர். பழைய டெஸ்க்டாப் என்றால் லினக்ஸ் ஏற்றி, கனமில்லாத விண்டோ மேனேஜர் (திரையில் சன்னல்களை அடுக்கிக் காட்டும் நிரல்) போட்டுத் தருவேன். அதில் திரையைப் பூட்ட, கட்டளை அடிக்கும் டெர்மினலில் 'ஐ3லாக்' என்ற பூட்டு நிரலின் பெயரை அடிக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கட்டளையை ஒரு ஷார்ட்கட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டீ குடிக்க எழுந்து போகும்போது திரையில் யாரோ ஒருவரின் ஆதார் நகலோ, கிரயப் பத்திர வரைவோ திறந்திருக்கும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்குத் தகுந்த பாதுகாப்பு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அபராதத்தை விடுங்கள், நம்பிக் கொடுத்தவரின் காகிதம் அது.

நான் பார்த்தவரை ஆட்கள் பூட்டுவதை நிறுத்துவதற்குச் சோம்பல் காரணமில்லை. "லாக் போட்டா திறக்கவே மாட்டேங்குது அண்ணா" என்று பத்திர எழுத்தர் அலுவலகங்களிலிருந்துதான் அதிகம் அழைப்பு வரும். தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் அப்படியே பூட்டியிருப்பார். பூட்டுத் திரையிலும் அதே தமிழ் அமைப்பே தொடரும். கடவுச்சொல் தமிழ் எழுத்தாக விழும், கண்ணுக்கும் தெரியாது. சில லினக்ஸ் வகைகளில் மூன்று முறை தவறினால் 10 நிமிடத்துக்குச் சரியான கடவுச்சொல்லையும் ஏற்காது. அப்புறம் யார் பூட்டுவார்கள்? இதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு, போதும். முதலில் 'செட்எக்ஸ்கேபிமேப்' கட்டளையால் ஆங்கில அமைப்புக்கு மாற்றி, பிறகு ஐ3லாக்கை, பூட்டு திறக்கும்வரை ஸ்கிரிப்டைக் காத்திருக்க வைக்கும் 'நோஃபோர்க்' தேர்வோடு ஓடவிட்டு, திறந்ததும் தமிழ் அமைப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஷார்ட்கட்டில் இந்த ஸ்கிரிப்டை வையுங்கள்.

அடுத்தது என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது. பூட்டிவிட்டு கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு எஃப்1, எஃப்2 என்று வரிசையாக அழுத்திப் பாருங்கள். எழுத்து மட்டும் தெரியும் கறுப்புத் திரையான கன்சோல் வரும். லாகின் கேட்டால் சரி. ஆனால் கன்சோலில் லாகின் செய்து 'ஸ்டார்ட்எக்ஸ்' அடித்து டெஸ்க்டாப்பைத் திறக்கும் சில மெஷின்களில், டெஸ்க்டாப் வேறு கன்சோலில் ஓடினால், அந்தக் கன்சோலுக்குப் போய் கண்ட்ரோல்-சி அழுத்தினால் போதும். டெஸ்க்டாப்பும் பூட்டும் சேர்ந்தே விழுந்து, உங்கள் பெயரில் எந்தக் கட்டளையும் அடிக்கக்கூடிய திறந்த ஷெல் கிடைக்கும். கடவுச்சொல்லுக்கு வேலையே இல்லை. 'எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்' என்று தொடங்கினால் ஷெல் மிஞ்சாது. லைட்டிஎம் போன்ற லாகின் திரையைப் போடுவது இன்னும் நல்லது. பழுது பார்க்க வந்தவர் ஏதாவது கன்சோலில் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கில்) லாகின் செய்து விட்டுப் போயிருக்கலாம், அதையும் பாருங்கள்.

லினக்ஸில் டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11-ல் பூட்டு என்பது திரையை மூடி விசைப்பலகையைப் பிடித்துக்கொள்ளும் சாதாரண நிரல். 1992 முதல் இருக்கும் எக்ஸ்ஸ்க்ரீன்சேவர் என்ற பூட்டு நிரலுக்கும் இதே நிலைதான். பூட்டு நிரல் செத்தால் திரை திறந்துவிடும். வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உங்கள் கணக்கில் நுழையத் தெரிந்தவர் ஐ3லாக்கை 'கில்' செய்து நிறுத்தினாலும் அப்படித்தான். எக்ஸ்11-க்குப் பின் வந்த வேலாண்டு அமைப்பில் ஓடும் ஸ்வே என்ற விண்டோ மேனேஜரும், அதன் பூட்டு நிரலான புதிய ஸ்வேலாக்கும் இதை மாற்றியிருக்கின்றன. பூட்டு நிரல் விழுந்தாலும் திரை மூடியே இருக்கும். மெஷின் தாங்கும் என்றால் நான் இப்போது அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் அலுவலகங்களில் லேப்டாப்தான் அதிகம். மூடியை மூடிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். திரும்ப வந்து திறக்கும்போது, பூட்டு வருவதற்கு முன்பு கூலிப் பட்டியல் ஒரு கணம் அப்படியே தெரியும். தூங்கிய பிறகல்ல, தூங்கும் முன்பே பூட்ட வேண்டும். அதற்கு 'எக்ஸ்எஸ்எஸ்-லாக்' என்ற துணைக் கருவி உண்டு. 'டிரான்ஸ்ஃபர்-ஸ்லீப்-லாக்' தேர்வோடும், ஐ3லாக்கின் நோஃபோர்க்கோடும் சேர்த்து ஓட்டினால், பூட்டு விழும்வரை மெஷினைத் தூங்கவிடாமல் நிறுத்தி வைக்கும்.

எந்தப் பூட்டும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போகிறவரைத் தடுக்காது. அதற்கு, கடவுச்சொல் இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி செய்யும் லக்ஸ் குறியாக்கம் வேண்டும். அதை லினக்ஸ் நிறுவும்போதே தேர்ந்தெடுப்பதுதான் சுலபம், பிறகு செய்வது பெரிய வேலை. புது மெஷின் போடச் சொல்லும் அன்றே உங்கள் டெக்னீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.