பி-யில் போட்டால் போதும் என்று யார் சொன்னது?

போன வாரம் இன்னொன்று வந்தது. ஆட்டோமேட்டிக் கார், செகண்ட் ஹேண்ட். வீட்டு வாசல் சரிவில் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தியிருக்கிறது, வண்டி நகரவில்லை. என்னவென்று பார்க்க, கியரை பி-க்கு, அதாவது பார்க்கிங் நிலைக்குத் தள்ளிவிட்டு இறங்கியிருக்கிறார் ஓட்டியவர். ஒரு கால் தரையில், ஒரு கால் உள்ளே இருக்கும்போதே வண்டி பின்னால் உருண்டுவிட்டது. எதிர்வீட்டு ஸ்கூட்டர்கள் இரண்டும் காலி. அவர் முழங்கால் சிராய்ப்போடு தப்பியது அவர் வீட்டார் செய்த புண்ணியம்.

அம்பத்தூரில் என் ஷெட்டுக்கு இழுத்து வந்து தூக்கிப் பார்த்தால், டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸை விட்டு வெளியே வந்து தொங்குகிறது. அந்த மாடலுக்கு அதே ஷாஃப்டுக்காக ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய வண்டியைக் கம்பெனியே திரும்ப அழைப்பது, அறிவித்துப் பல மாதங்கள் ஆகின்றன. கம்பெனிக் கடிதம் டேஷ்போர்டில் பிரிக்காமலே கிடந்தது. "ஏதோ எக்ஸ்சேஞ்ச் மேளான்னு நெனச்சேன் சார்" என்கிறார்.

சரி, கடிதத்தைப் பிரிக்காததையாவது மன்னித்துவிடலாம். "பி-யில்தானே சார் போட்டிருந்தேன், எப்படி உருளும்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள்.

பி என்பது பிரேக் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், பி என்பது பிரேக் இல்லை. கியர்பாக்ஸுக்குள்ளே ஒரு பல்சக்கரம், அதன் பல்லுக்குள் போய் மாட்டிக்கொள்ளும் விரல் நீளக் கொக்கி ஒன்று, அவ்வளவுதான் பி. அது கியர்பாக்ஸைத்தான் பூட்டும், சக்கரத்தை அல்ல. கியர்பாக்ஸையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது டிரைவ் ஷாஃப்ட். அது உடைந்தாலோ கழன்றாலோ கொக்கி பாட்டுக்கு மாட்டியிருக்கும், சக்கரம் பாட்டுக்குச் சுற்றும். "ஒரு பக்க ஷாஃப்ட்தானே போச்சு, இன்னொரு பக்கம் பிடிக்காதா?" என்பார்கள். பிடிக்காது. நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது, இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு. ஒரு பக்கம் சும்மா சுற்ற வழி கிடைத்தால் அது மறுபக்கத்தையும் விட்டுவிடும். மேனுவல் வண்டியை ஃபர்ஸ்ட் கியரில் நிறுத்துகிறவர்களுக்கும் இதே கதைதான். நம் தெருக்களில் ஓடும் முன்சக்கர இழுவைக் கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை நேராகப் பிடிக்கிறது. ஷாஃப்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால் கம்பெனிகள் சொன்னதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 2012 மாடல் ஹோண்டா சிவிக் சுமார் 50,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஓட்டுநர் பக்க ஷாஃப்ட் சரியாகப் பொருத்தப்படாமல் கழன்று வரலாம், ஹேண்ட் பிரேக் போடாமல் நிறுத்தினால் வண்டி உருளலாம் என்பதுதான் காரணம். 2022-இல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், இரண்டரை லட்சத்துக்கும் மேல். அதில் பின் ஆக்ஸிலைத் தாங்கும் ஒரு போல்ட் முறியலாம், முறிந்தால் ஷாஃப்ட் இணைப்பு விட்டுப்போகும், பி-யில் நின்றாலும் வண்டி நகரும். முதலில் அவர்கள் கொடுத்த தீர்வு என்ன தெரியுமா? பார்க்கிங் பிரேக் தானாகப் போட்டுக்கொள்ளும்படி மென்பொருளை மாற்றியது. போல்ட்டை விட்டுவிட்டு இதென்ன வைத்தியம் என்று அங்கேயே கேள்வி எழுந்து, அடுத்த ஆண்டு மறுபடி ரீகால் செய்து பாகங்களை மாற்ற வேண்டியதாயிற்று, அது தனிக் கதை. வண்டியைச் செய்தவனே பி-யை நம்பவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

சென்னை தட்டையான ஊர், ஹேண்ட் பிரேக் எதற்கு என்பார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய வீடுகளைப் பாருங்கள். தரைத்தளத்தை உயர்த்தி உயர்த்தி, ரோட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு குட்டி மலையே இருக்கிறது. மழையில் ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்பது மட்டும் நியாயமான பயம். நாள்கணக்கில் ஈரத்தோடு நின்றால் பிடிக்கும்தான். பிடித்தால் விடுவிக்க நாங்கள் இருக்கிறோம். ஊருக்குப் போகிறீர்களா, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள்.

அடுத்தது "வண்டி நல்லாத்தானே ஓடுது, சத்தமே இல்லையே". ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று அடிப்பது ஷாஃப்ட் முனையில் உள்ள ஜாயிண்டின் தேய்மானம். ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் தெறித்து, மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போய் வருவது. அது உங்கள் செலவு. ரீகாலில் வருவது வேறு. கிளிப் சரியாக உட்காராதது, இரும்பைப் பதப்படுத்தியதில் குறை, இவையெல்லாம் பெரும்பாலும் முன்கூட்டிச் சத்தம் கொடுத்துவிட்டு வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதே மாடல் வைத்திருக்கிறார், அவருக்குக் கடிதம் வரவில்லை என்பதும் வாதமல்ல. 2023 ஜூலையில் மாருதி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகளை ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் குறைக்காகத் திரும்ப அழைத்தபோது, 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவை மட்டுமே கணக்கில் வந்தன. மாடல் பெயரை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது, சேசிஸ் நம்பர்தான் பேசும்.

புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் ஒரு ஷாஃப்ட் எடுத்து மாட்டிவிடுங்கள் என்று கேட்பவர்களுக்குக் கும்பிடு போட்டுச் சொல்கிறேன், வேண்டாம். உடைத்து விற்ற வண்டியும் அதே பட்டியலில் இருந்ததாக இருக்கலாம். ஒரு குறையைக் கழற்றிவிட்டு அதே குறையைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுவீர்கள். ரீகால் வேலையைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் செய்ய வேண்டும். பாகமும் கூலியும் இலவசம். எனக்கு இதில் பத்து பைசா வருமானம் கிடையாது, வர வேண்டிய வேலைதான் போகிறது. அங்கே போனால் ஏசி சுத்தம், துருப்பூச்சு என்று நீட்டுவார்கள். ரீகால் வேலை மட்டும் போதும் என்று சொல்லி அதை ஜாப் கார்டில், அதாவது அவர்கள் வேலைச் சீட்டில், எழுத வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ரீகால் வேலைக்குத் தேதி கிடைக்கும் வரை எங்கே நிறுத்தினாலும் இந்த வரிசைதான்: பிரேக் மிதி, ஹேண்ட் பிரேக், அப்புறம் பி. ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் பட்டன் பிரேக் உள்ளவர்கள் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். ஓட்டும்போதே ஷாஃப்ட் விட்டுவிட்டால் பதற வேண்டாம். இழுவைதான் போகும், கால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யும். இருக்கிற வேகத்திலேயே இடதுபக்கம் ஒதுங்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலு விளக்கையும் போடுங்கள். உருளும் வண்டியைக் கையால் தடுக்கப் போகாதீர்கள். முன்னாலோ பின்னாலோ பிள்ளைகளை நிறுத்திக் கல் வைக்கச் சொல்லவும் கூடாது, தயவுசெய்து.

2021 ஏப்ரல் 1 முதல் சட்டமும் உங்கள் பக்கம்தான். 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளில் ஒரே குறையைப் பற்றிப் போதுமான உரிமையாளர்கள் புகார் கொடுத்தால், அரசே ரீகால் செய்யச் சொல்லலாம். அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. புகார் கொடுக்கத்தான் ஆள் வருவதில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கம்பெனியிடம் இருப்பது முதல் உரிமையாளரின் போன் நம்பர். ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்து, எண் கொண்ட சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், இன்றைக்கே. அப்படியே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து உங்கள் பெயரையும் நம்பரையும் மாற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஜாப் கார்டை ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கப் போனால், வாங்க வருகிறவர் என் போன்ற ஒருவனைக் கூட்டி வந்து முதலில் அதைத்தான் கேட்கச் சொல்வார்.