மிக்சரில் முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதுமா?

வாசகி ஒருவர் எழுதியிருந்தார். கல்யாண வீட்டில் முந்திரி கேக் ஒரு துண்டு தின்ற பத்தாவது நிமிடம் அவருடைய ஆறு வயது மகனுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டதாம். முந்திரியே ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். “ஆனால் பையன் மிக்சர் என்றால் உயிரை விடுகிறான். முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா?”

கூடாது. காரணத்தைச் சொல்ல முந்திரியிடமிருந்தே தொடங்க வேண்டும்.

முந்திரிப் பருப்பு ஒரு விதை. முளைக்கப்போகும் குருத்துக்குத் தாய்மரம் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. வழியில் கெட்டுப்போகக் கூடாது என்பதால் மரம் அந்தப் புரதத்தை இறுகச் சுருட்டி, கந்தக அணுக்களால் குறுக்கே தைத்து வைக்கிறது. 2எஸ் ஆல்புமின் என்ற வகைப் புரதத்தில் இப்படி நான்கு தையல்கள். வறுத்தாலும் பொரித்தாலும் எளிதில் பிரியாது, இரைப்பையிலும் லேசில் மசியாது. முந்திரியில் இருப்பதன் பெயர் அனா ஓ 3. அனகார்டியம் ஆக்சிடென்டாலே என்ற தாவரப் பெயரின் சுருக்கம்தான் அது.

இனி உடம்பின் பக்கம். 1921இல் ஜெர்மனியில் இரண்டு மருத்துவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது, பிராஸ்னிட்ஸுக்கு ஒன்றும் செய்யாது. கூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைப் பிராஸ்னிட்ஸ் தன் தோலில் ஓரிடத்தில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் அந்த இடம் மட்டும் தடித்தது. ஆக, ஒவ்வாமை ரத்தத்தில் மிதக்கும் ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது. அந்தப் பொருள் எதிர்ப்புரதங்களில் ஒரு தனி வகை, ஐ.ஜி.ஈ., என்று இஷிசாக்கா தம்பதியர் கண்டுபிடிக்க 1966 ஆகிவிட்டது.

ஐ.ஜி.ஈ. ரத்தத்தில் மிதப்பது கொஞ்சம்தான். பெரும்பாலும் மாஸ்ட் செல் என்ற செல்லின் மேல் வாலை ஊன்றி, கையை வெளியே நீட்டி நிற்கும். செல்லுக்குள்ளே, தடிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் நிறைந்த குட்டி மூட்டைகள். ஒரு கை மட்டும் முந்திரிப் புரதத்தைப் பிடித்தால் ஒன்றும் நடக்காது. ஒரே புரதத்தை இரண்டு ஐ.ஜி.ஈ.க்கள் ஆளுக்கொரு முனையில் பிடித்து, இரண்டும் அருகருகே இழுபட வேண்டும். அப்போதுதான் மூட்டைகள் அவிழ்கின்றன. சிதைந்த துண்டில் பிடிக்க ஒரு முனைதான் மிஞ்சும், அதனால் செல் அசையாது. முந்திரிப் புரதமோ அந்த நான்கு தையல்களின் தயவில் இரண்டு முனைகளும் கெடாமல் குடல் வரை வந்து சேர்கிறது. குருத்துக்காக மரம் போட்ட தையல் ஒரு பையனின் உதட்டை வீங்க வைக்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

அளவைப் பாருங்கள். ஒரு முழு முந்திரியில் சுமார் கால் கிராம் புரதம். கூருணர்வு மிகுந்தவர்களுக்குச் சில மில்லிகிராமே போதும், அதாவது பருப்பில் நூறில் ஒரு பங்கு. தெருமுனைப் பலகாரக் கடை ஒன்றில் நின்று பார்த்தேன். முந்திரியைப் பொரித்து அள்ளிய அதே ஜல்லிக் கரண்டி, அதே எண்ணெயில் ஓமப்பொடியையும் அள்ளியது. பிறகு எல்லாம் ஒரே தாம்பாளத்தில் கலந்து குலுக்கப்பட்டன. இதில் எதைப் பொறுக்கி எடுப்பது?

இப்படி உடம்பு தடித்தால் நம் ஊரில் காணாக்கடி என்று மந்திரிக்க அழைத்துப்போவார்கள். தடிப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும், பெயர் வேப்பிலைக்குப் போய்விடும். மூச்சுத் திணறினாலோ குரல் கம்மினாலோ வேப்பிலைக்கு அங்கே வேலை இல்லை. தொடையில் அட்ரினலின் ஊசி, உடனே மருத்துவமனை. ஒவ்வாமை மாத்திரை அதற்கு மாற்றாகாது. அட்ரினலின் பழைய, மலிவான மருந்து. ஆனால் தாயே போட்டுவிடக்கூடிய தானியங்கி ஊசி நம் நாட்டில் இன்னும் எளிதில் கிடைப்பதில்லை. ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? பிஸ்தா வேண்டாம். அது முந்திரியின் குடும்பம், அதன் புரதம் ஏறக்குறைய அச்சு அசல், ஐ.ஜி.ஈ.க்கு வித்தியாசம் தெரியாது. பாதாம் வேறு குடும்பம், சிலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் அதை மருத்துவர் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். நிலக்கடலை பயறு வகை, ஆயினும் இரண்டும் ஆகாத குழந்தைகள் உண்டு என்பதால் அதையும் கேட்டுவிடுங்கள். தேங்காய் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025இல் தேங்காயை முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளின் ஒவ்வாமைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

பொட்டலத்தில் வாங்கினால், மரக்கொட்டை சேர்த்திருப்பதை அச்சிட வேண்டும் என்று இந்தியாவின் 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ‘கலந்திருக்கலாம்’ என்ற பொடி எழுத்து வரியையும் படியுங்கள். நிறுத்துத் தரும் உதிரி மிக்சரில் படிக்க ஒன்றும் இல்லை. வீட்டில் புதிய எண்ணெயில் முறுக்கு, தட்டை, வெல்லப்பாகில் பொரி உருண்டை போதும். ஓட்டல் குருமாவில் அரைத்த முந்திரி கண்ணுக்கே தெரியாது, கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்தைப் பெயரைப் பார்த்துப் பயந்து ஒதுக்கிவிட வேண்டாம். அது பாசிப்பயறும் வெல்லமும். வழக்கமான செய்முறையில் முந்திரிப் பருப்பே கிடையாது. திராட்சைக்கும் முந்திரி என்று பெயர் உண்டு, பலகாரம் அந்தக் கொத்தைப் போல இருக்கும். யாராவது செய்து கொடுத்தால் மட்டும், உள்ளே வேறென்ன போட்டார்கள் என்று கேட்டுவிட்டுப் பையனிடம் கொடுங்கள்.