திர்ஷி: லிபியாவின் பூசணி மசியல் எப்படி வேலை செய்கிறது?

லிபியத் தலைநகர் திரிப்போலிப் பக்கத்து வீடுகளில் குஸ்குஸ் என்ற கோதுமை ரவை உணவைப் பரிமாறும்போது, கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆரஞ்சு நிற மசியல் வரும். அதுதான் திர்ஷி. வேகவைத்த மஞ்சள் பூசணி, பூண்டு, மிளகாய், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், அங்கே கர்வியா என்று சொல்லும், சீரகம் போன்ற கேரவே விதை. சிலர் உருளைக்கிழங்கோ கேரட்டோ சேர்ப்பார்கள். பூசணியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் என்பதால், கொலம்பஸுக்கு முன் இந்த உருவில் இது இருந்திருக்க வழியில்லை. 1949 முதல் 1951 வரை லிபியாவிலிருந்து இஸ்ரேலுக்குப் போன சுமார் 30,000 யூதர்களோடு இதுவும் போனது. அங்கே சிர்ஷி என்கிறார்கள்.

செய்வது எளிது. ஆனால் எதை எப்போது போடுகிறோம் என்பதில் நிறைய வேதியியல் இருக்கிறது.

எலுமிச்சையைக் கடைசியில்தான் பிழிய வேண்டும். காய்கறியின் செல்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின். சாதாரணத் தண்ணீரில் கொதிக்கும்போது அது உடைந்து கரையும், காய் குழையும். தண்ணீர் புளிப்பாக இருந்தால் பெக்டின் அவ்வளவு சீக்கிரம் உடையாது. முதலிலேயே எலுமிச்சை ஊற்றினால் பூசணி நெடுநேரம் விறைப்பாகவே நிற்கும். வெந்ததும் தண்ணீரை நன்றாக வடித்துவிடுவதும் முக்கியம். ஈரம் மிஞ்சினால் எண்ணெய் மசியலோடு சேராமல் தனியே ஒதுங்கும்.

அப்புறம் பூண்டு. முழுப் பல்லில் அல்லியின் என்ற பொருள் ஓரிடத்திலும், அதை மாற்றும் நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் சந்தித்து, சில நொடிகளில் அல்லிசின் உருவாகிறது. மூக்கில் ஏறும் அந்த நெடி அதனுடையதுதான். சூடு நொதியைச் செயலிழக்கச் செய்யும். அதனால் பச்சையாக நசுக்கிப் போட்டால் உறைப்பும் நெடியும் தூக்கலாக இருக்கும். எண்ணெயில் வதக்கிப் போட்டால் மென்மையாகும். லிபிய வீடுகளில் இரண்டு விதமும் உண்டு.

மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆலிவ் எண்ணெய் அதை மசியல் முழுக்கச் சீராகப் பரப்புகிறது. நாக்கில் அது தொடும் ஏற்பியின், அதாவது உணர்வைப் பிடிக்கும் புரதத்தின், பெயர் டிஆர்பிவி1. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு அதை 1997-இல் அடையாளம் கண்டது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டை உணர்வதும் இதே ஏற்பிதான். அதனால்தான் காரம் சுடுவதுபோல் எரிகிறது. புளிப்பு இந்த ஏற்பியை இன்னும் எளிதாகத் தூண்டும், சூடும் தூண்டும். ஆவி பறக்கும் குஸ்குஸோடு எலுமிச்சை சேர்த்த திர்ஷியைத் தொட்டுக்கொண்டால் அதே அளவு மிளகாய் கூடுதலாக உறைக்கும். பூசணியின் இனிப்பு அதைக் கொஞ்சம் தணிக்கிறது. இந்தச் சமநிலைக்காகவே பூசணி நன்றாகப் பழுத்ததாக இருக்க வேண்டும் என்பேன்.

எனக்கு மிகப் பிடித்தது கர்வியாவின் கதை. அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற மூலக்கூறு. ஸ்பியர்மின்ட் என்ற புதினா வகையின் மணத்துக்கும் காரணம் கார்வோன்தான். அணுக்கள் ஒன்றே, அவை இணைந்திருக்கும் வரிசையும் ஒன்றே. ஆனால் வலது கையும் இடது கையும் போல, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். மூக்கின் ஏற்பிகள் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுகின்றன: ஒன்று புதினாவாக மணக்கிறது, மற்றது கர்வியாவாக. இந்த மணம் எளிதில் ஆவியாகிப் போகும். ஆகவே திர்ஷி செய்யும்போதே விதையை இடித்துப் போடுவது நல்லது.

நிறம் தரும் பீட்டா கரோட்டினும் கொழுப்பில் கரைவதுதான். வேகவைத்து மசித்து எண்ணெய் சேர்ப்பதால் உடல் அதைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது.

மிச்சமானால் உடனே மூடி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் சாப்பிட்டுவிடுங்கள். பூசணியில் புளிப்பு குறைவு. மேலே எண்ணெய் படிந்தால் காற்றும் உள்ளே போகாது. பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு இது தோதான இடம். புளிப்பை அளக்கும் பிஎச் எண் (புளிப்பு கூடினால் இது குறையும்) 4.6-க்குக் கீழே போனால் அது வளராது. வாசனைக்குப் பிழியும் எலுமிச்சை அந்த அளவுக்குப் புளிப்பைக் கொண்டுவரும் என்று நம்பிவிட முடியாது.