காரிலிருந்து கழற்றிய சப்வூஃபர் படகில் ஏறும்போது

காரை விற்கும் முன் கழற்றி வைத்த சப்வூஃபரும் (அடிச்சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கர்) ஆம்பும் (அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) வீட்டில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். பொழுதுபோக்குக்கு ஒரு சின்னப் படகு வாங்கியதும் முதலில் ஞாபகம் வருவது அவைதான். கார் பேட்டரியும் 12 வோல்ட், படகு பேட்டரியும் 12 வோல்ட், அப்புறம் என்ன யோசனை என்று ஒரு விடுமுறை நாளில் மாட்டிவிடுகிறார்கள். படகு மின்வேலைதான் என் தொழில் என்பதால், அதற்குப் பிறகு நடப்பது என் கண்ணில் படுகிறது. இரண்டுக்கும் பொதுவானது அந்த 12 வோல்ட் மட்டும்தான். காரில் இரும்பு பாடி, மூடிய கேபின், பெரிய ஆல்டர்னேட்டர் மூன்றும் சேர்ந்து பாதி வேலையைச் சொல்லாமலே செய்துவிடுகின்றன. சின்னப் படகில் இந்த மூன்றுமே கிடையாது. கூடவே உப்புத் தண்ணீரும் பெட்ரோல் ஆவியும் வேறு.

முதலில் எர்த். காரில் ஆம்பின் மைனஸ் ஒயரை இரண்டடிக்கு வெட்டி, பக்கத்து இரும்பில் பெயின்டைச் சுரண்டி ஒரு போல்ட் போட்டால் வேலை முடிந்தது. திரும்பும் கரன்ட் காரின் உடம்பு வழியாகவே பேட்டரிக்குப் போய்விடும். இதைத்தான் பாடி எர்த் என்கிறோம். ஃபைபர் படகில் அதற்கு வழியே இல்லை என்பதால் அங்கே யாரும் ஏமாறுவதில்லை. பிளஸ் ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு, அதே தடிமனில், மைனஸ் ஒயரும் பேட்டரி வரை போக வேண்டும். ஆபத்து அலுமினியப் படகில்தான். கையெட்டும் தூரத்தில் உலோகம் இருக்கிறது, காரில் பழகிய கை சும்மா இருக்காது.

அலுமினிய உடம்பைக் கரன்ட் திரும்பும் பாதையாக ஆக்கினால், அதில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகவும் போகப் பார்க்கும். உலோகத்தை விட்டுத் தண்ணீருக்குள் எங்கே இறங்குகிறதோ அங்கே அலுமினியம் கரையும். ‘பாட்டு ஓடும்போது மட்டும்தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. இப்படிக் கசியும் கரன்டினால் வரும் அரிப்பு, வெவ்வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் சேர்ந்து கிடப்பதால் வரும் வழக்கமான அரிப்பைவிட மிக வேகமானது. பெயின்ட் கொப்புளமாக எழும்பும். குத்திப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு, அதற்கு அடியில் குழி. குழி ஆழமாகிக்கொண்டே போனால் கடைசியில் ஓட்டைதான்.

மைனஸ் ஒயரை ஒழுங்காகப் பேட்டரி வரை இழுத்தவர்களும் இன்னொரு இடத்தில் சறுக்குவார்கள். சில ஆம்ப்களின் வெளிக்கூடு உள்ளுக்குள் மைனஸோடு சேர்ந்திருக்கும். அதை நேராக அலுமினியத்தில் திருகினால், ஒயர் இழுத்த புண்ணியம் போய்விடும். மாட்டும் முன் ஆம்பின் கூட்டுக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை, தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில், வைத்துப் பாருங்கள். பீப் அடித்தால், கரன்ட் கடத்தாத பலகையில் ஆம்பைத் திருகி, அந்தப் பலகையைத் தனித் திருகுகளால் படகில் பொருத்துங்கள். பீப் அடிக்காவிட்டாலும் நான் பலகையில்தான் வைப்பேன்.

அடுத்தது ஒயர். கார் ஆடியோ கிட்டில் வரும் தடித்த ஒயர்களில் பல, அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசியவை. வாங்கும்போது தடிமனைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம். அவை கடத்துவதோ முழுச் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அதைவிட மோசம், வெட்டிய முனையில் செம்பும் அலுமினியமும் ஈரக்காற்றில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது. அந்த முனை சீக்கிரமே பொடியாகும். நல்ல செம்பு ஒயராகவே இருந்தாலும், வெள்ளீயம் பூசாதது என்றால் உறைக்கு உள்ளேயே களிம்பு ஏறிப்போகும். முனையை வெட்டிப் புதிதாக லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போடலாம் என்று உறையை உரித்தால், உள்ளே கம்பி கறுத்துக் கிடக்கும். எவ்வளவு உரித்தாலும் அதே கறுப்பு. படகுக்கு வேண்டியது, இழை இழையாக வெள்ளீயம் பூசிய மெரைன் ஒயர். லக்கைக் கருவியால் அழுத்திப் பொருத்தி, பசையுள்ள சுருங்கும் குழாயால் மூட வேண்டும். சால்டர் மட்டும் வைத்து விடக் கூடாது. படகின் அதிர்வில், சால்டர் இறுகி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒயர் முறியும்.

தடிமனுக்கு ஒரு கணக்கு. 500 வாட் ஆம்ப் முழுச் சத்தத்தில் ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி பின்பக்கம், ஆம்ப் ஸ்டியரிங் பக்கம், நடுவே 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகவரப் பத்து மீட்டர். 10 சதுர மி.மீ. செம்பு ஒயரில் சுமார் 0.9 வோல்ட் வழியிலேயே தொலையும். 25 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.35 வோல்ட், அதாவது 3 சதவீதத்துக்குள். காரில் ஓடும்போது 14 வோல்டுக்கு மேல் இருக்கும், ஒரு வோல்ட் போனாலும் தெரியாது. எஞ்சின் நிறுத்திய படகில் தொடக்கமே 12.5 வோல்ட்தான். அதில் ஒன்று போனால் பேஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஆம்ப் அணைந்து அணைந்து எரியும். ஆம்ப் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினாலும் அதுவும் அப்படியேதான் செய்யும்.

ஃபியூஸ் ஆம்புக்காக இல்லை, ஒயருக்காக. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள துண்டு ஒயருக்குக் காவல் கிடையாது. அது எங்காவது உராய்ந்து ஷார்ட் ஆனால் பேட்டரி தன்னிடம் உள்ளதையெல்லாம் அதில் கொட்டும். கார் ஆடியோவில் ஃபியூஸ் 18 அங்குலத்துக்குள் இருந்தால் சரி என்பார்கள். அமெரிக்காவில் படகுகளுக்குத் தரம் வகுக்கும் ஏ.பி.ஒய்.சி. அமைப்பு சொல்வது 7 அங்குலம், ஒரு சாணுக்கும் குறைவு. ஒயர் முழுவதும் தனி உறைக்குள் போனால் மட்டும் கூடுதல் நீளம் அனுமதி. நேராகப் பேட்டரி முனையிலேயே மாட்டும் ஃபியூஸ்கள் கிடைக்கின்றன. அவை இருக்கும்போது இந்த வாக்குவாதமே தேவையில்லை. ஒயரை ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப் போட்டுப் பிடிக்கவும் வேண்டும். தொங்கும் ஒயர் ஒவ்வொரு அலைக்கும் எதிலாவது உரசிக்கொண்டே இருக்கும்.

இனி பெட்ரோல். இந்தப் பதிவில் ஒரு பத்திதான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. காரில் ஒரு சொட்டு கசிந்தால் ஆவி கீழே இறங்கி ரோட்டில் கலைந்துவிடும். படகின் அடிவயிறு மூடிய கிண்ணம், இறங்கிய ஆவி அங்கேயே தேங்கும். காற்றில் வெறும் 1.4 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறியில் வெடிக்கும். அதனால்தான் பெட்ரோல் எஞ்சினோ டேங்க்கோ இருக்கும் மூடிய அறையில் வைக்கும் மின்சாதனங்கள், சுற்றியுள்ள ஆவியைப் பற்றவைக்காதவை என்று சோதித்துச் சான்று பெற்றிருக்க வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே1171, ஐ.எஸ்.ஓ. 8846 என்று சாதனத்தில் அச்சிட்டிருப்பது அதைத்தான். கார் ஆம்பில் அப்படி எதுவும் இருக்காது.

ஆம்ப் எங்கே பொறி விடுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல நிலையில் இருக்கும் ஆம்ப் பெரும்பாலும் பொறி விடாதுதான். ஆனால் அதோடு சேர்ந்து வரும் காரின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஒவ்வொரு முறை சேரும்போதும் பிரியும்போதும் பொறி விடும். லூஸான முனை விடும். ஃபியூஸ் போகும்போது விடும். இதற்கெல்லாம் ஒரே பதில் இடத்தை மாற்றுவது: ஆம்பையும் ரிலேயையும் ஃபியூஸ் பெட்டியையும் டேங்க்கோ எஞ்சினோ இல்லாத, காற்றோட்டமுள்ள, உயரமான இடத்தில் வையுங்கள். பின் சீட்டுக்கு அடியில் நிறைய இடம் இருக்கிறதே என்று தோன்றும். கையில் தூக்கிப்போகும் பெட்ரோல் டேங்க்கை வைப்பதும் அங்கேதான். பேட்டரி பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். எஞ்சின் அறைக்கு ஊதுவிசிறி உள்ள படகு என்றால், ஸ்டார்ட் செய்யும் முன் அதை நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது பழைய விதி. பாட்டுப் பெட்டியை ஆன் செய்யும் முன்னும் அது பொருந்தும். டீசல் படகுக்காரர்கள் இந்தப் பத்தியைக் கொஞ்சம் நிம்மதியாகப் படிக்கலாம், அவர்கள் படகில் பெட்ரோல் கேன் எதுவும் இல்லாத வரைக்கும்.

பேட்டரி கணக்கு வேறு மாதிரி. 40, 60 குதிரைத்திறன் வெளி எஞ்சின்கள் வேகமாக ஓடும்போதே பெரும்பாலும் 15 முதல் 20 ஆம்பியர்தான் தருகின்றன. மெதுவாகப் போனால் இன்னும் குறைவு. கார் தருவது இதைப்போலப் பல மடங்கு. பாட்டில் எப்போதும் முழுச் சத்தம் இருப்பதில்லை என்பதால், 500 வாட் ஆம்ப் சராசரியாக 10, 12 ஆம்பியர் எடுக்கும் என்று வைக்கலாம். 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரப் பாட்டு. அதே பேட்டரிதான் எஞ்சினையும் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றால் அவ்வளவு நேரமும் கிடையாது. நடுநீரில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதை யாரும் பாட்டுப் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. பார்த்தால் பல கேஸ்களில் காரணம் அதுதான். பாட்டுக்குத் தனியாக, அடிக்கடி ஆழமாக இறங்கினாலும் தாங்கும் டீப் சைக்கிள் பேட்டரி போட்டு, இரண்டுக்கும் நடுவே வோல்டேஜைப் பார்த்துச் சேர்த்துப் பிரிக்கும் ரிலே ஒன்றை, மெரைன் சான்றுள்ளதாக வையுங்கள். அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப்பின் ஒயரில் மட்டும் கை வைக்காதீர்கள். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் பம்ப் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் தன் சொந்த ஃபியூஸோடு நேராகப் பேட்டரியில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பிளஸ் கிடைத்ததே என்று ஆம்பின் ஒயரை அதில் கோர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு சத்தம் ஏமாற்றும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டருக்கும் மேல். காரின் உட்புறம் அதைவிடச் சிறியது. அதனால் அந்த அடிச்சத்தம் அலையாகப் பரவாமல் கேபின் முழுவதையும் அழுத்துகிறது, நெஞ்சில் இடிக்கிறது. திறந்த படகில் அழுத்துவதற்குக் கூரையே இல்லை. வாட் ஏற்றிச் சரிசெய்யலாம் என்று இறங்காதீர்கள். 500ஐ 1000 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல், காதுக்குச் சற்றே தெரியும். பேட்டரி தாங்கும் நேரமோ பாதியாகும். கால் வைக்கும் பள்ளத்தின் மூலையில், தாழ்வாக, இரண்டு பக்கச் சுவர்களும் தரையும் சேரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். செலவில்லாமல் கிடைக்கும் வித்தியாசம் அதுதான் அதிகம்.

கார் சப்வூஃபரின் பெட்டி பொதுவாக எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. ஒரு மழைக்காலத்தில் ஊறி, விளிம்பு உப்பிப் பிரியும். சரி, பெட்டியை விட்டுவிட்டு சீட்டின் அடிப்பகுதியையே பெட்டியாக்கலாம் என்றால், சின்ன மூடிய பெட்டிக்கென்று செய்த கார் சப்வூஃபர் அதற்கு ஏற்றதில்லை. பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் அதன் கோனை, அதாவது அதிரும் கூம்பை, பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங். பெரிய, ஓட்டைகள் உள்ள இடத்தில் அந்த ஸ்பிரிங் போய்விடும், கோன் எல்லை மீறி அடிபடும். பெட்டியில்லாமல் வைப்பதற்கென்றே செய்த மெரைன் சப்வூஃபர்கள் இருக்கின்றன. காகிதக் கோனுக்குப் பதில் பாலிபுரோப்பிலீன், ஓரத்தில் ரப்பர், துருப்பிடிக்காத கூடு என்பதெல்லாம் அதில் கூடவே வரும்.

துளை போடுவதற்கு முன் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பெட்ரோல் குழாய், ஸ்டியரிங் கேபிள், டேங்க், மிதக்க வைக்கும் ஃபோம், எதுவும் இருக்கலாம். சின்னத் துளை போட்டு உள்ளே குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பெரிய வட்டம் வெட்டுங்கள். இடம் போதவில்லை என்று ஃபோமை வெட்டி எடுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அமெரிக்க விதிகள் 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான மோட்டார் படகுகளுக்கு இப்படி மிதக்க வைக்கும் ஏற்பாட்டைக் கட்டாயம் ஆக்கியிருப்பது, தண்ணீர் ஏறினாலும் படகு முழுதும் மூழ்கக் கூடாது என்பதற்காக. ஃபைபருக்கு நடுவே மரம் உள்ள பலகையை வெட்டினால், வெட்டிய விளிம்பை எபாக்ஸி பூசி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து மரம் மெல்ல அழுகும்.

காந்த திசைகாட்டி இருக்கும் படகில் சப்வூஃபரின் காந்தத்தை அதிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலாவது தள்ளி வைத்து, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் படகைப் பல திசைகளில் திருப்பி ஊசி மாறுகிறதா என்று பாருங்கள். ஆம்பின் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடு ஒன்று முறுக்கி இழுத்தால் அவற்றின் காந்தப்புலம் பெருமளவு அடங்கும். படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோவின் ஆன்டெனா கேபிளோடு சேர்த்து இழுக்காதீர்கள். ரேடியோவில் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் குமிழ்) இரைச்சல் நிற்கும் எல்லையில் வைத்து, ஆம்பை ஆன் செய்யுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால், ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் தூரத்துக் குரல் உங்களுக்குக் கேட்காது.

கேட்பது பற்றியே இன்னொன்று. 1972இன் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5ஆம் விதி, ஒவ்வொரு கலமும் எப்போதும் பார்வையாலும் செவியாலும் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்கிறது. எஞ்சின் சூடேறினால் அடிக்கும் அலாரம், வேறு படகின் ஹாரன், தண்ணீரில் விழுந்தவரின் கூப்பாடு எல்லாமே காதுக்குத்தான் வருகின்றன. ஸ்டியரிங் பிடித்திருப்பவரின் கைக்கெட்டும் தூரத்தில், ஈரக் கையாலும் தட்டக்கூடிய ஒரு மியூட் பட்டன் வைக்காமல் நான் வேலையை ஒப்படைப்பதில்லை. போனில் ஆப் திறந்து சத்தம் குறைப்பது இதில் சேராது.

பழைய கார் சாமானில் எதைத்தான் பயன்படுத்தலாம் என்றால்: ஸ்பீக்கர் நனையாத இடத்தில் இருந்தால் சில காலம் ஓடும், கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஆம்ப், பெட்ரோல் அறைக்கு வெளியே, சாரல் படாத இடத்தில் மட்டும். ஒயர் கிட், ரிலே, ஃபியூஸ் பெட்டி மூன்றும் வேண்டாம், பணத்தை அங்கே செலவழியுங்கள். மாட்டி முடித்ததும் படகைக் கரையிலேயே கட்டி வைத்து, எஞ்சினை நிறுத்தி, கால் மணி நேரம் நல்ல சத்தத்தில் ஓடவிடுங்கள். ஆம்பின் முனையில் வோல்டேஜை அளந்து பேட்டரி முனையோடு ஒப்பிடுங்கள். பிறகு பாட்டை நிறுத்தி, ஃபியூஸ் பெட்டியையும் ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அதைக் கழற்றித் திரும்பப் போட்டுவிட்டு, அதே கால் மணி நேரத்தை இன்னொரு முறை ஓட்டுங்கள்.