நியூக்ளியேஷன்: ‘அணுக்கருவாக்கம்’ அல்ல, கருக்கொள்ளல்

நீராவி திவலையாவதையும் நீர் உறைவதையும் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் அந்த மாற்றத்தின் முதல் துணுக்கு தோன்றுவதைக் குறிக்கும் நியூக்ளியேஷன் (nucleation) என்ற சொல்லுக்கு ‘அணுக்கருவாக்கம்’ என்று போட்டுவிடுகிறார்கள். இது நடையழகு பற்றிய குறையன்று, பொருட்பிழை.

நியூக்ளியஸ் என்றால் லத்தீனில் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. 1831இல் ராபர்ட் பிரௌன் செல்லின் உட்கருவுக்கு அப்பெயரை வைத்தார். பின்னர் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுப்பகுதிக்கு எடுத்துக்கொண்டார். நாம் பேசுவது மூன்றாவது பொருள்: ஒரு நிலைமைக்குள் (ஆவி, திரவம், திண்மம் போன்றவற்றுள் ஒன்று) வேறொரு நிலைமை முதன்முதலாகத் தலைகாட்டும் துணுக்கு.

ஆவியில் மூலக்கூறுகள் மோதிச் சிறு கூட்டங்களாக ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலானவை உடனே கலைந்துவிடுகின்றன. புதுப் பரப்பை உண்டாக்க ஆற்றல் செலவாவதுதான் காரணம். அந்தச் செலவு ஆரத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடுகிறது. திரவமாவதால் வரும் ஆதாயம் ஆரத்தின் மும்மடிக்கு (கனத்துக்கு) ஏற்பக் கூடுகிறது. சிறு கூட்டத்துக்கு நட்டம். ஓர் அளவைத் தாண்டினால்தான் வளர்ச்சி. அந்த எல்லையில் நிற்பது மாறுநிலைக் கரு. அறை வெப்பநிலையில் ஆவியழுத்தம் தெவிட்டிய அளவைப்போல் (ஆவி திரவத்தோடு சமநிலையில் நிற்கும் அளவைப்போல்) ஏறத்தாழ மும்மடங்கானால் அதன் ஆரம் சுமார் 1 நானோமீட்டர்.

அணுக்கரு இதைவிட லட்சக்கணக்கான மடங்கு சிறியது. உறைதலில் எந்த அணுக்கருவும் உருவாவதில்லை, மாறுவதுமில்லை. அணுக்கருக்கள் உண்மையிலேயே உருவாவது விண்மீன்களுக்குள். ‘அணுக்கருவாக்கம்’ என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்பதே முறை. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர், அடுத்த வரியில் வரும் அளவைக்கூடப் பார்ப்பதில்லை.

‘உட்கருவாக்கம்’ சற்றே மேல் என்பார்கள். அதையும் ஏற்கமுடியவில்லை. திவலையும் குமிழியும் பெரும்பாலும் தூசியின் மேற்பரப்பிலோ பாத்திரத்தின் கீறலிலோதான் தொடங்குகின்றன. ‘உள்’ என்ற முன்னொட்டு இடத்தையே தவறாகக் காட்டுகிறது. மேகத்தில் நீர் பற்றிக்கொள்ளும் தூசியையும் உட்கரு என்கிறார்கள், மூலக்கூறுக் கூட்டத்தையும் உட்கரு என்கிறார்கள். ஆங்கிலத்தில் உள்ள இந்தக் குழப்பத்தை நாம் ஏன் சுமக்கவேண்டும்? தூசியைப் பற்றுத்துகள் என்போம். கூட்டத்தை மட்டும் கரு என்போம்.

‘படிகமாதல்’ இன்னும் பெரிய தவறு. திவலையும் குமிழியும் படிகமல்ல. படிகத்திலும் கரு தோன்றுவது ஒரு கட்டம், அது வளர்வது அடுத்த கட்டம். மைக்ரோமீட்டர் அளவுள்ள தூய நீர்த்திவலை ஏறத்தாழ −38 டிகிரி செல்சியஸ் வரை உறையாமல் இருக்கக் காரணம், அதுவரை முதல் கட்டமே நடவாததுதான். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இதை எப்படி விளக்குவது?

மேகம் கருக்கொண்டது என்பது தமிழில் பழகிய வழக்கு. அதிலிருந்தே சொல் எடுக்கலாம்: கருக்கொள்ளல். ‘ஆக்கம்’ என்றால் ஆக்குபவர் ஒருவர் வேண்டும். இதுவோ தானே நிகழ்வது. வெள்ளி அயோடைடு தூவி மேகத்தில் பனிக்கருவைத் தூண்டும்போது மட்டும் பிறவினையாகக் கருக்கொள்ளச் செய்தல் என்றால் போதும். பாடநூல்களின் ‘ஒருபடித்தான’, ‘பலபடித்தான’ என்ற அடைகளும் எதையும் புலப்படுத்துவதில்லை. பரப்பின் துணையின்றி நிகழ்வதைத் தானே கருக்கொள்ளல் என்றும், பரப்பைப் பற்றி நிகழ்வதைப் பற்றிக் கருக்கொள்ளல் என்றும் சொன்னால் வேறுபாடு சொல்லிலேயே விளங்கும்.

ஆய்வகக் குறிப்பில் இச்சொல் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். வழவழப்பான கண்ணாடிக் குடுவையில் குமிழி கருக்கொள்ள இடமில்லை. நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருந்து, திடீரெனப் பொங்கித் தெறிக்கும். ஆகவே சூடேற்றும் முன்பே நுண்துளையுள்ள பீங்கான் துண்டுகளைப் போடவேண்டும். துளைகளில் தங்கிய காற்றைப் பற்றிக் குமிழி கருக்கொள்ளும். சூடான பிறகு போட்டால் எல்லா இடத்திலும் ஒரேயடியாகக் கருக்கொண்டு திரவம் வெளியே பாயும். கொதித்து ஆறிய துண்டின் துளைகளில் திரவம் புகுந்துவிடுவதால் அதில் மறுபடி குமிழி எளிதில் கருக்கொள்ளாது. மீண்டும் சூடேற்றும் முன் புதுத் துண்டு போடவேண்டும்.