மூச்சிரைப்புக்குப் பின்னால் ஒளியும் மனச்சோர்வு

"மூச்சு வாங்குது, அதான் எங்கேயும் போறதில்லை." சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர் இப்படிச் சொன்னால் வீட்டிலும் சரி, மருத்துவமனையிலும் சரி, யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. மனச்சோர்வு ஒளிந்துகொள்வது அங்கேதான்.

களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை, எடை குறைவது ஆகியவை நுரையீரல் நோயிலும் வரும், மனச்சோர்விலும் வரும். அவற்றை வைத்து முடிவு கட்ட முடியாது. மூச்சு ஓரளவு நன்றாக இருக்கும் நாளிலாவது பேரக்குழந்தையோடு பேச, பிடித்த பாட்டைக் கேட்க மனம் வருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடியதுகூட வேண்டாமென்றாகிவிட்டால் அதற்கு நுரையீரலை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

கடந்த 2 வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையிழந்து இருந்ததா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் 0, 'கிட்டத்தட்ட தினமும்' என்றால் 3 என்று மதிப்பெண் போடுவோம். கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவான பரிசோதனை தேவை.

அதற்கு முன் வேறு காரணம் ஏதும் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், குழப்பம் இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கியிருக்கலாம். அது அவசரம். ஸ்டீராய்டு மாத்திரை, மான்டிலூகாஸ்ட், ரோஃப்ளூமிலாஸ்ட் ஆகிய நுரையீரல் மருந்துகளும் மனநிலையைப் பாதிக்கலாம். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இந்த நோயில் பயமே மூச்சைத் திணறவைக்கும். பயந்தவர் வேகவேகமாக, மேலோட்டமாக மூச்சு விடுவார். குறுகிய மூச்சுக் குழாய்களில் காற்று முழுதாக வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடும். அடுத்த மூச்சுக்கு இடமிருக்காது. அந்த அனுபவத்துக்குப் பயந்து நடப்பதை விட்டால் கால் தசைகள் மெலியும், பிறகு குளியலறை வரை போவதற்கே மூச்சு வாங்கும். ஆள் வீட்டுக்குள் ஒடுங்குவார், இன்ஹேலரையும் 'எதுக்கு இதெல்லாம்' என்று விடுவார். அடுத்த தீவிரத் தாக்குதல் அப்படித்தான் நெருங்குகிறது.

மாத்திரையைவிட முதலில் நாங்கள் வற்புறுத்துவது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியை. வழக்கமாக 6 முதல் 8 வாரங்கள், வாரம் 2 அல்லது 3 நாட்கள். நடையும் தசைப் பயிற்சியும் மூச்சைப் போலவே மனத்தையும் தூக்கி நிறுத்துகின்றன. திணறும்போது மூக்கால் 2 எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து 4 எண்ணும்வரை மெல்ல ஊதுவதையும் அங்கே பழக்குவார்கள். எண்ணங்களைச் சீராக்கும் மனநல ஆலோசனையும் நன்கு உதவும்.

மனச்சோர்வு மாத்திரை தேவைப்பட்டால் பலன் தெரிய 2 முதல் 6 வாரங்கள் ஆகலாம். முதல் வாரத்திலேயே 'வேலை செய்யவில்லை' என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மூச்சுக் குழாயை விரிக்கும் தியோஃபிலின் எடுப்பவருக்கு ஃப்ளூவாக்ஸமைன் என்ற மனச்சோர்வு மாத்திரை சேர்ந்தால் தியோஃபிலின் அளவு ஆபத்தாக உயரும். ஆகவே எல்லா மருந்துச் சீட்டுகளையும் காட்டுங்கள். தூக்கம் வரவில்லையென்று அல்பிரசோலம், டயஸிபாம் போன்றவற்றைத் தாமாக வாங்கிப் போடவே கூடாது. அவை மூச்சு விடும் உந்துதலை மட்டுப்படுத்தும். கரியமில வாயு தேங்குபவருக்கு உயிராபத்து.

'நான் உங்களுக்கெல்லாம் பாரம்' என்று அவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல், மாத்திரைகளை எட்டாத இடத்தில் வைத்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.